என்னத்துக்கு அறுக்கணும்?



குமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் வெளிச்சம் வருமுன்பே நெற்றி விளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். யானையும் பாம்பும் நடமாடும் மலை அது. அங்கே ஒரு சாவு விழுந்தால் வீட்டார் முதலில் கேட்பது, "எப்படிச் செத்தாருன்னு ஊருக்கே தெரியும், பொறவு என்னத்துக்கு அறுக்கணும்?"

ஊருக்குத் தெரிந்தது தாளில் ஏற வேண்டும், அதற்குத்தான். யானை தாக்கி இறந்தால் வனத்துறை தரும் நிவாரணம், வேலையிடத்துச் சாவுக்குச் சட்டப்படி வரும் இழப்பீடு, எல்.ஐ.சி. விபத்துப் பலன் என எதற்குப் போனாலும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைத்தான் கேட்பார்கள். மரத்தடியில் கிடந்தவர் நெஞ்சுவலி வந்து விழுந்தாரா, விழுந்து அடிபட்டு இறந்தாரா? வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

இப்படி அறுத்துப் பார்ப்பது புதிதில்லை. 1693-இல் சென்னைக் கோட்டையில் வீலர் என்ற ஆலோசனைக் குழு உறுப்பினர் இறந்தார். அவருக்குக் கொடுத்த முத்துப் பொடியை, பாஷாணம் அரைத்துக் கழுவாமல் விட்ட கல்லில் அரைத்திருந்தார்களாம். எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவர் உடலை அறுத்துப் பார்த்தார். இந்தியாவில் பதிவான முதல் சட்டமுறைப் பிரேதப் பரிசோதனை அதுவே என்கிறார்கள்.

கத்திக்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. பிரேத விசாரணை. 2024 ஜூலை முதல் இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194-ஆம் பிரிவில் வருகிறது. பழைய ஆட்கள் இன்னும் முந்தைய சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி '174' என்பார்கள். போலீஸ் அதிகாரி அக்கம்பக்கத்தார் இரண்டு பேரையாவது வைத்துக்கொண்டு உடலைப் பார்த்து, காயங்களை எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குவார். வீட்டார் பேச வேண்டிய நேரம் இதுதான். சர்க்கரை, வலிப்பு, தின்ற மாத்திரை, கடைசியாகச் சாப்பிட்டது, யாரோடாவது சண்டை இருந்ததா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். டாக்டர் எதைத் தேடுவது என்பதற்கு அந்தத் தாளும் ஒரு வழிகாட்டி. அழுகைக்கு நடுவே படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுதான் நம் வழக்கம். நிதானமாக இருக்கும் ஒரு மச்சானையோ சித்தப்பாவையோ கூட நிறுத்துங்கள்.

பிறகு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் தலை, நெஞ்சு, வயிறு மூன்றையும் திறந்து பார்த்துத் தைத்துத் தருவார்கள். விஷச் சந்தேகம் இருந்தால் குடல், ஈரல் துண்டுகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். அந்த முடிவு வரும்வரை டாக்டர் கடைசிக் கருத்தை எழுத மாட்டார். அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேகச் சாவு பொதுவாக அதில் சேராது. அப்போது விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சில சாவுகளில் போலீஸ் விசாரணை மட்டும் போதாது. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. காவலில் இறந்தால் மாஜிஸ்திரேட் வருவார். சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு, 2020 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு தீர்ப்புச் சொன்னது: காவல் மரணத்தில் நெருங்கிய உறவினர் உடலைப் பார்க்காமல் பரிசோதனையைத் தொடங்கக் கூடாது, வீடியோ எடுக்க வேண்டும். இந்த உரிமை எல்லாச் சாவுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக 155377-ஐ அழைத்தால் அமரர் ஊர்தி வரும், கட்டணமில்லை. காரியங்களுக்கு நடுவே மறந்துவிடாமல், இறந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்துவிடுங்கள். ரிப்போர்ட் நகல் கைக்கு வந்ததும் பெயர், தகப்பனார் பெயர், வயது மூன்றும் ஆதாரில் இருப்பதுபோல் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்