வேடத்தைச் செய்தவர் யார்?

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்துவிட்டால், அஞ்சலோட்டத்துக்கும் கயிறிழுத்தலுக்கும் நடுவே வினோத உடைக்கும் ஓர் இடம் கிடைக்கும். முன்பள்ளி விளையாட்டு விழா என்றால் தாய்மார் காத்திருப்பதே அந்த நிகழ்ச்சிக்குத்தான். ஔவையார் கோலூன்றி வருவார், பாரதியார் மீசையோடு வருவார், குறத்தி கூடையோடு வருவாள். மைதானம் கைதட்டும், நடுவர்கள் புள்ளி போடுவார்கள். அந்தப் புள்ளி எதற்காக என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையின் துணிச்சலுக்கா, துணியின் பளபளப்புக்கா, வாடகைக்கு எடுத்த கிரீடத்துக்கா? ஐந்து வயதுப் பிள்ளைகளின் விளையாட்டில் அந்தக் கேள்வி தேவையில்லை. ஆனால் வினோத உடை இன்று வேறொரு வயதினரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அனிமே எனப்படும் யப்பானியச் சித்திரத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த பதினாறு, இருபது வயது இளையோர், தமக்குப் பிடித்த பாத்திரத்தின் உடையில் மேடையேறிப் போட்டியிட விரும்புகிறார்கள். கொஸ்ப்ளே என்று உலகம் அழைக்கும் இந்தப் போட்டியைக் குடாநாட்டில் யார் நடத்தினாலும், எவ்வளவு சிறிய மண்டபத்தில் நடத்தினாலும், முதற்புள்ளி உடையைச் செய்த கைக்கே போக வேண்டும். அப்படி நடந்தால் இது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொழிற் பள்ளியாகும். நடக்காவிட்டால் கடையில் வாங்கிய பொருட்களின் ஊர்வலமாகவே முடியும்.

இந்தக் கலையின் பிறப்பிலேயே என் வாதத்துக்கு ஒரு சான்று கிடக்கிறது. 1939 யூலையில் நியூயோர்க்கில் முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அதற்கு பொரஸ்ட் அக்கர்மன் என்ற இளைஞர் எதிர்கால மனிதனின் உடையணிந்து போனார். உடன் சென்ற மேர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் அவ்வாறே வேடமிட்டிருந்தார். அந்த இரண்டு உடைகளையும் தைத்தவர் டக்ளஸ். ஆனால் பல பத்தாண்டுகளாக முதல் வேடதாரி என்ற புகழ் அக்கர்மனுக்கே போனது. தைத்தவரின் பெயரைப் பிற்காலத்தில்தான் தேடி எடுத்து மீண்டும் எழுதினார்கள். மறு ஆண்டு சிக்காகோ மாநாட்டில் வேடப் போட்டியே நடந்தது. 1983இல் நொபுயுக்கி தகஹாஷி என்பவர் யப்பானிய அனிமே சஞ்சிகை ஒன்றில் கொஸ்ப்ளே என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2003 முதல் நகோயா நகரில் உலக கொஸ்ப்ளே மாநாடு நடக்கிறது. நாட்டுக்கு நாடு தெரிவான அணிகள் அங்கே போட்டியிடுகின்றன. இலங்கையில் 2015இல் கொழும்பில் தொடங்கிய லங்கா கொமிக் கொன் இந்த ஆர்வத்துக்கு ஒரு மேடை கொடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அந்த மேடைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அட்டையிலும் ரெஜிபோமிலும் செய்த இறக்கையையோ கவசத்தையோ இரவு பஸ்ஸில் நசுங்காமல் கொண்டுபோவது எளிதல்ல. குடாநாட்டுக்குள் சிறிய போட்டிகள் வேண்டும் என்பதற்கு இந்தத் தூரமே போதிய காரணம்.

தேர்ந்த போட்டிகளில் நடுவர் வேலை மேடைக்கு வெளியேதான் தொடங்குகிறது. நிகழ்ச்சிக்குச் சில மணி நேரம் முன்பே போட்டியாளர் ஒவ்வொருவரும் நடுவர் முன் நிற்பார். நடுவர் கைக்கெட்டும் தூரத்தில் உடையைப் பார்ப்பார். தையல் நேராக ஓடியிருக்கிறதா, உட்பக்கத்து ஓரம் மடித்துத் தைக்கப்பட்டதா, பசை வெளியே கசிந்திருக்கிறதா, கவசம் அணிந்தவர் கையைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பார். பிறகு கேள்விகள் வரும்: இந்த வளைவை எப்படிக் கொண்டுவந்தாய், இந்தச் சாயத்தை எதில் கலந்தாய், எது கடையில் வாங்கியது, யார் உதவினார்கள்? செய்தவருக்கு இவற்றுக்குச் சரளமாக விடை வரும். செய்யாதவர் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவார். வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் காட்டச் சொல்வதுண்டு. டீமன் ஸ்லேயர் தொடரின் நாயகன் தஞ்சிரோவின் பச்சையும் கறுப்புமான கட்டம் போட்ட மேலங்கியை எடுத்துக்கொள்வோம். கட்டங்கள் அச்சடித்த துணியை வாங்கி இரண்டு தையலில் அதை முடிக்கலாம். சதுரம் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை பொருந்த இணைத்தும் முடிக்கலாம். மேடை வெளிச்சத்தில், முப்பதடி தூரத்தில், இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அருகில் பார்த்தால்தான் பதினைந்து நாள் உழைப்பும் ஒரு மணி நேர வேலையும் வெவ்வேறாகத் தெரியும். மேடையை மட்டும் பார்த்துப் புள்ளி போடும் நடுவர் அந்தப் பதினைந்து நாளையும் அழித்துவிடுகிறார்.

இது யாழ்ப்பாணத்தில் நடைமுறைக்கு வராது என்பவர்கள் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போய்ப் பார்க்கட்டும். விசித்திரப் பட்டப் போட்டி எங்கள் கண்முன்னே வளர்ந்த ஒன்று. கொக்குப் பட்டமும் எட்டுமூலைப் பட்டமும் கட்டிப் பழகிய ஊரில், ஆண்டுக்காண்டு உருவங்கள் பெருத்து, முப்பரிமாண வடிவங்கள் வானேறி, இன்று நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்து பார்க்கும் திருவிழாவாகிவிட்டது. அங்கே போட்டியிடுபவர் மூங்கிலைத் தானே சீவுகிறார், தாளைத் தானே ஒட்டுகிறார், முச்சையைத் தானே அளந்து கட்டுகிறார். கட்டு பிழைத்தால் பட்டம் எழும்பாது, கடற்காற்று யாருடைய முகத்தையும் பார்க்காது. செய்த கையும் ஏற்றும் கையும் ஒன்றாக இருப்பதால்தான் அந்தக் கலை அந்த ஊரில் தலைமுறை தாண்டி நிற்கிறது. வெளியூரில் விற்கும் நைலோன் பட்டங்களை வாங்கி ஏற்றலாம் என்று விட்டிருந்தால் அந்தத் திருவிழா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? உடைப் போட்டிக்கும் அதே விதியை வைக்கச் சொல்கிறேன். கடற்காற்றின் வேலையை இங்கே நடுவர் செய்ய வேண்டும்.

யப்பான்காரனின் கோமாளித்தனம் எங்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி பண்பாட்டின் மேலுள்ள அக்கறையில் பிறப்பது, ஆகவே மதிப்போடு பதில் சொல்ல வேண்டியது. யாழ்ப்பாணத்து மேடை எப்போதும் வெளியிலிருந்து வந்ததை எடுத்துத் தன் கையால் மாற்றிக்கொண்ட மேடை. வடபுலத்துக் கத்தோலிக்கர் ஐரோப்பிய அரசர்களையும் புனிதர்களையும் கூத்தில் ஆடினார்கள். மன்னாரின் என்றிக் எம்பரதோர் நாடகம் பெயரிலேயே போர்த்துக்கேய வாடையைச் சுமக்கிறது. நாங்கள் இன்று பழம்பெரும் மரபாகப் போற்றும் இசை நாடகம், பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கில் தமிழ்நாட்டில் உருவாகி, அங்கிருந்து வந்த குழுக்களால் இங்கே பரவிய கொட்டகைக் கூத்து. வெல்வெட்டும் சரிகையும் எழுதிய திரைச்சீலையும் அந்த வழியில் வந்தவைதான். அந்தப் புதுவரவைத்தான் நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்து அரிச்சந்திரனாக நின்று யாழ்ப்பாணத்தின் சொத்தாக்கினார். ஓட்டம் ஒருபக்கமாகவும் இல்லை. யுகோ சாகோ என்ற யப்பானியர் இராமாயணத்தை அனிமே படமாக்கினார். 1990களின் தொடக்கத்தில் உருவான அந்தப் படம் 2025 சனவரியில் தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. இராமனை அவர்கள் வரையலாம், அவர்கள் வரைந்த வீரனின் அங்கியை எங்கள் பிள்ளை தைக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

கூத்துக்கு ஆளில்லை, காசில்லை, முதலில் அதைக் காப்பாற்றுங்கள் என்ற கவலை இதைவிடக் கனமானது. அந்தக் கவலையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கூத்தில் இன்று மறைந்துகொண்டிருப்பது ஆட்டமும் பாட்டும் மட்டுமா? பேராதனையில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போரையும் இராவணேசனையும் புதிய மேடைக்குக் கொண்டுவந்தார். ஆட்டத்தையும் பாட்டையும் படித்துப் பதிந்துவைக்க அதன்பின் அறிஞர்கள் பலர் முன்வந்தார்கள். மட்டக்களப்பு வடமோடிக் கூத்து அரசனின் கரப்புடுப்பையும் கெருடம் என்னும் முடியையும், தென்மோடிக் கூத்தின் பூமுடியையும் எப்படிச் செய்வது என்பது மட்டும் பெரும்பாலும் ஒருசில கைகளுக்குள்ளேயே கிடக்கிறது. யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தில் ஒரே காத்தானைப் பருவத்துக்கொருவராகப் பலர் ஆடுவார்கள். ஆடியவர்களை ஊர் நினைவில் வைத்திருக்கும், முடி செய்தவரைக் கேட்டால் யோசிக்கும். நல்லூரின் இருபத்தைந்து நாள் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் புதிதாக விரியும் சாத்துப்படியைப் பாருங்கள். துணியை மடிப்பதிலும் பூவை அடுக்குவதிலும் இருக்கும் அந்த நுட்பத்துக்கு ஈடான கைத்திறன் எந்த நாட்டு அரங்கிலும் எளிதில் கிடைக்காது. பக்தியோடு செய்யப்படும் அந்தப் பணியைப் போட்டிக்கு இழுக்கச் சொல்லவில்லை. அத்தகைய கைகள் வாழும் ஊரில், செய்கையைப் பார்த்துப் பரிசளிக்கத் தெரிந்த நடுவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதைத்தான் சுட்டுகிறேன். கூத்து உடை செய்யும் முதியவர் ஒருவரும், தையற்காரர் ஒருவரும், சேர் பொன். இராமநாதன் பெயரால் அமைந்த பல்கலைக்கழகக் கலைப் பீடத்தில் பயின்ற ஒருவரும் நடுவர் மேசையில் அமரட்டும். அனிமே வீரனின் கவசத்தோடு வரும் பையன், கெருடம் செய்யத் தெரிந்தவரின் கேள்விக்குப் பதில் சொல்வான். அந்த உரையாடலை வேறு எங்கே ஏற்படுத்தப் போகிறோம்?

பணத்தைப் பற்றிய ஆட்சேபமும் உண்டு: இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. வெளிநாட்டிலிருந்து உடை தருவிக்கும் போட்டியாக இருந்தால் இந்தக் குற்றச்சாட்டு முழுக்கச் சரி. 2022இல் ரூபாய் வீழ்ந்தபின் அத்தகைய பொதி ஒன்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. புலம்பெயர்ந்த மாமாவோ சித்தியோ அனுப்பிவைத்த உடை வெல்லும் மேடை, மாமா இல்லாத பிள்ளைக்கு முதல் நாளே கதவைச் சாத்திவிடும். செய்கைக்குப் புள்ளி என்ற விதி இங்கேதான் ஏழைப் பிள்ளைக்குத் துணை நிற்கிறது. வன் பீஸ் தொடரின் லூஃபி அணிவது ஒரு வைக்கோல் தொப்பி. அதைப் பனையோலையில் இழைக்கத் தெரிந்த ஆச்சிமார் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இயங்கும் மண்ணில் ஓலைக்கும் நாருக்கும் ஈர்க்குக்கும் குறைவில்லை. பழைய சேலை, பொதி வந்த மட்டைப்பெட்டி, கல்யாண மேடை கழற்றியபின் எறியப்படும் ரெஜிபோம் எல்லாம் கவசமாகவும் வாளாகவும் மாறக்கூடியவை. பேத்திக்கு ஆச்சி இழைக்கக் கற்றுக்கொடுத்தால் அது களவல்ல, கற்றல். தொப்பியை முழுக்க ஆச்சியே இழைத்தால் ஆச்சியின் பெயரையும் மேடையில் சொல்லட்டும். வாங்கிய உடையோடு வர விரும்புபவர்களையும் தடுக்க வேண்டாம். அவர்கள் மேடையில் நடக்கட்டும், கைதட்டல் பெறட்டும், செய்கைப் பரிசுக்கு மட்டும் போட்டியிடாதிருக்கட்டும். முதல்முறை செய்பவரைப் பழம் தின்று கொட்டை போட்டவரோடு மோதவிடாமல் தனிப் பிரிவில் வைக்கும் வழக்கம் மேலைநாட்டு வேடப் போட்டிகளில் நெடுங்காலமாக உண்டு, அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய வயதில் இது வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி எழாத விடயமே இல்லை. நாடகமும் அரங்கியலும் எங்கள் பாடசாலைகளில் பரீட்சைக்குரிய ஒரு பாடம். வேட உடையும் ஒப்பனையும் அந்தப் பாடத்தின் உறுப்புகள். அதைப் படிக்கும் பிள்ளை ஓர் உடையையேனும் முழுதாகச் செய்துபார்க்காமல் பரீட்சை எழுதுவதுதான் காலவிரயம். ஆண்டுக்கு 400 கோடி டொலருக்கு மேல் ஆடை ஏற்றுமதி செய்யும் நாடு இது. அந்தத் தொழிற்சாலைகளில் எங்கள் பெண்கள் பலர் ஒரே தையலை நாள் முழுக்கப் போடுகிறார்கள். அளவெடுத்து, மாதிரி வெட்டி, தைத்து, பிழை கண்டு, பிரித்து மறுபடி தைத்து ஓர் உடையைத் தொடக்கம் முதல் முடிவுவரை கண்ட பிள்ளை அதே தொழிலில் வடிவமைப்பாளராக நிற்கும் தகுதியை நோக்கி ஓரடி வைக்கிறது. அடுத்த போட்டிக்கு ஓராண்டு இருக்கும்போது இதற்கு வார இறுதிகள் போதும்.

நடத்துபவர்கள் கண்டிப்பாகக் காக்க வேண்டிய ஒழுங்குகள் சிலவும் உண்டு. வேடமிட்டு வந்த பெண்பிள்ளையைக் கேட்காமல் படமெடுப்பதற்கும் தொடுவதற்கும் யாருக்கும் உரிமை இல்லை. நியூயோர்க் கொமிக் கொன் 2014இலேயே இதை மண்டபத்தில் பெரிய எழுத்தில் எழுதி நிறுத்தியது. எங்கள் வாசலில் அதைத் தமிழில் எழுதி நிறுத்துவோம். உண்மைபோலத் தோன்றும் துப்பாக்கியும் படையினரின் உருமறைப்புத் துணியும் வேண்டாம். இந்த மண் பட்டவை போதும்.

மண்டபம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நகரில் இந்திய உதவியில் எழுந்த பண்பாட்டு மையத்தின் அறுநூறு இருக்கை அரங்குதான் வேண்டும் என்றில்லை, ஒரு சனசமூக நிலையமும் இருபது போட்டியாளரும் போதும். செய்கைக்கு அறுபது புள்ளி, மேடையில் பாத்திரமாக நிற்பதற்கு நாற்பது என்று பிரித்துவையுங்கள். வெல்பவர் பெயரை அறிவிக்கும்போது அவர் எதை எப்படிச் செய்தார் என்று சபைக்கு இரண்டு வசனம் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தில் பெயர், வயது, பாத்திரம் என்ற மூன்று வரிகளுக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி சேருங்கள்: இந்த உடையைச் செய்தவர் யார்?