பிறந்த நேரமும் பிறந்த சாதியும்

என் தங்கைக்கு இரண்டு ஆண்டுகளாக மாப்பிள்ளை பார்க்கிறோம். செவிலியர் படிப்பு முடித்து வேலையில் இருக்கிறாள். வந்த வரன்களில் மூன்று, செவ்வாய் தோஷம் என்று சொல்லித் தட்டிப்போயின. "என்னப்பா பண்றது, அவ பொறந்த நேரம் அப்படி" என்கிறார் அம்மா.

அந்த ஜாதகத்தை எழுதிக்கொடுத்த ஜோசியர் பக்கத்து ஊர்க்காரர். ஏம்பலம் காலனியிலிருந்து போன அம்மாவை அவர் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை. அம்மா வாசலில் நின்றபடியே வாங்கிவந்தார். நம்மைத் திண்ணையில் ஏற்றாதவர் நம் பிள்ளையின் தலைவிதியை எழுதுகிறார். நாமும் அதை மஞ்சள் பையில் போட்டு பீரோவில் பத்திரப்படுத்துகிறோம்.

பிறந்த வயிறு உன் இடத்தைத் தீர்மானிக்கிறது என்கிறது சாதி. பிறந்த நேரம் உன் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்கிறது ஜோதிடம். இரண்டுக்கும் அடியில் இருப்பது முன்வினைக் கணக்கு. நடைமுறையிலும் இரண்டும் கூட்டாளிகள். பத்துப் பொருத்தம் பார்க்க உட்காரும் முன்பே சாதிப் பொருத்தம் பார்த்து முடிந்திருக்கும்.

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் மறுக்கும் ஒரு மத ஆவணத்தை என் ஆய்வுக்காகப் படித்தபோது வியந்தேன். சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945இல் ஏற்றுக்கொண்ட 'சீக்கிய ரெஹத் மரியாதா' என்னும் நடத்தை விதிகள் அவை. சாதி, தீண்டாமை, மந்திரம், சகுனம், நல்ல நேரம், கிரகம், ராசி ஆகிய எதையும் சீக்கியர் நம்பக்கூடாது என்று ஒரே விதியில் அடுக்குகிறது. திருமணத்துக்கு ஜாதகம் பார்த்து நாள் குறிப்பதையும் தடுக்கிறது. மணமக்களின் சாதியைப் பார்க்கக்கூடாது என்றும் சொல்கிறது.

இதன் வேர் குரு நானக்கிடம் (1469–1539) இருக்கிறது. அவர் சொன்ன 'நாமம்' காதில் ரகசியமாக ஓதப்படும் மந்திரம் அல்ல. புரோகிதரும் வேண்டாம், முகூர்த்தமும் வேண்டாம். உழைத்துக்கொண்டே, உழைத்ததைப் பகிர்ந்துகொண்டே, 'நான்' என்னும் அகந்தை கரைய இறைவனை நினைப்பது அது. நினைக்கிற நேரமெல்லாம் நல்ல நேரம் என்றால் ராகுகாலத்துக்கு ஏது இடம்? முக்தியும் செத்த பிறகு கிடைக்கும் பரிசு அல்ல, வாழும்போதே அடைய வேண்டியது. சீக்கியம் கர்மாவையும் மறுபிறப்பையும் முற்றாகக் கைவிடவில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் காட்டி ஒருவரையும் வாசலில் நிறுத்த அது இடம் தரவில்லை.

எங்களுக்குத் தொலைவில்லாத சிதம்பரத்தை நினைத்துப் பாருங்கள். பெரியபுராணத்தில் நந்தனார் தீயில் இறங்கி, தன் 'இழிந்த' உடலை விட்ட பிறகே கோயிலுக்குள் போக முடிகிறது. தோல் தொழில் செய்த சாதியில் பிறந்த ரவிதாசரின் சுமார் 40 பாடல்களோ சீக்கியர் தலைவணங்கும் குரு கிரந்த் சாகிப்பின் உள்ளேயே இருக்கின்றன. அவர் எரிய வேண்டியிருக்கவில்லை.

அதற்காகப் பஞ்சாபில் சாதி ஒழிந்துவிட்டதா? இல்லை. 1920இல் பொற்கோயிலில் தாழ்த்தப்பட்ட சீக்கியர் கொண்டுவந்த பிரசாதத்தை ஏற்கப் பூசாரிகள் மறுத்தனர். போராடித்தான் அந்த உரிமை பெறப்பட்டது. இன்றும் பல கிராமங்களில் தலித்துகளுக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு. 2011 கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நிலமோ பெரும்பாலும் ஜாட்டுகள் கையில். நூலில் ஒழிந்த சாதி நிலத்திலும் திருமணத்திலும் உயிரோடு இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1935இல் இயோலாவில் மதமாற்ற அறிவிப்பு செய்த பிறகு சீக்கியத்தைத் தீவிரமாகப் பரிசீலித்தார், 1936இல் அமிர்தசரஸ் மாநாட்டிலும் பேசினார். இறுதியில் பௌத்தம் தழுவினார். ஆனாலும் அந்தக் கதவு மூடிவிடவில்லை. தூத்துக்குடியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜீவன் சிங்கின் பகுஜன் திராவிடக் கட்சி சார்பில் 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகை கட்டிய தமிழ்ச் சீக்கியர்கள் ஏழு பேர் தமிழ்நாட்டில் நின்றார்கள். 1956 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சீக்கியத்துக்கு மாறினாலும் பட்டியல் சாதி உரிமை பறிபோவதில்லை. கிறித்தவத்துக்கு மாறினால் பறிபோகிறது. ஏம்பலம் போன்ற தனித்தொகுதியில் வாழ்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

நான் எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்கவில்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கையும் இல்லை. நம்மைப் போன்ற இளைஞர்களுக்கு அந்த விதியில் ஒரு பாடம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். ராசிபலனைக் கேலி செய்து பதிவு போடுகிறோம். வீட்டில் வரன் தேடும்போது சாதியைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒன்றை மட்டும் விட்டால் இன்னொன்று அதைத் திரும்ப அழைத்துவந்துவிடும்.

இதையெல்லாம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது தங்கை கேட்டாள்: "அந்த ஜாதகத்தைக் கிழிச்சிடலாம். அப்புறம் நம்ம ஆளுங்கள்லயே தேடுவியா, சாதி பார்க்காம தேடுவியாண்ணா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை, வெட்கமாக இருந்தது. சாதி பார்க்காமல்தான் தேடுவேன் என்று பிறகு சொன்னேன். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் பேசத் தொடங்குங்கள்.