குழாய் வேலை செய்பவருக்கு மின்சாரமும் தெரிய வேண்டும்

நம் கடைக்கோ வீட்டுக்கோ வருகிற பிளம்பர் குழாயை மட்டும் பொருத்திவிட்டுப் போவதில்லை. போர்வெல்லில் மோட்டார் இறக்குபவர் அவரே. அதன் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஒயர் கொடுப்பவரும் அவரே. மாடியில் கீசர் மாட்டினால் லைன் இழுப்பதும் அவர்தான். ஒரே ஆள் முடித்துவிட்டால் ஒரு கூலி மிச்சம் என்று நாமும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் குழாயில் கசிவு என்றால் தரை நனையும். மின்சாரத்தில் கசிவு என்றால் உயிர் போகும். கூலி பேசும்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறோம்.

கணக்குப் பார்ப்பது நமக்குக் கைவந்த கலை. ஆகவே இதையும் கணக்காகவே பார்ப்போம். 2000 வாட்ஸ் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட்ஸ் என்றால் 13 ஆம்பியர். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட லைனில் உள்ள 6 ஆம்பியர் சாக்கெட்டில் இதைச் சொருகினால் ஒயர் சூடேறி மேலுறை உருகும். பக்கத்தில் மிளகாய் வற்றல் மூட்டையோ எண்ணெய் டின்னோ இருந்தால் பிறகு சொல்ல வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். அந்த உப்பு கீசர் காயிலில் படிந்து, காயில் அளவுக்கு மீறிச் சூடாகி, ஒருநாள் அதன் உறை வெடிக்கிறது. அப்போது ஆளைக் காப்பது சரியான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் மட்டுமே. இந்தக் கருவியின் விலை ஒரு மூட்டை துவரம் பருப்பின் விலையைவிடக் குறைவு. எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையே எர்த்தாகச் சேர்த்து முடுக்கிவிடுகிறவர்களும் உண்டு. நியூட்ரல் ஒயர் எங்காவது விட்டுப்போனால் கீசரின் உடம்பு முழுவதும் மின்சாரம் நிற்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

சிவகாசி வட்டாரத்தில் இருக்கும் நமக்கு மின்சாரக் கட்டுப்பாடு புதிதல்ல. தீபாவளி நேரத்துத் தற்காலிகப் பட்டாசுக் கடையில் விளக்கு ஒயரில் தொங்கக் கூடாது, சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்க வேண்டும், ஒவ்வொரு வரிசைக்கும் மெயின் சுவிட்ச் வேண்டும் என்று 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. சில நாள் கடைக்கு இத்தனை ஜாக்கிரதை. ஆண்டு முழுவதும் இருக்கும் மளிகைக் கடைக்கு ஒன்றும் வேண்டாமா?

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. பல்பு, மின்விசிறி, ஃப்யூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவது விதிவிலக்கு. புது லைன் இழுக்கும் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மூலமே செய்ய வேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே இருந்துவருகிறது.

பிளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டு. ஒயர்மேன், எலக்ட்ரீசியன் பிரிவுகள் இரண்டாண்டு. நாற்பது வயதில் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர் இரண்டாண்டு வகுப்பில் போய் உட்கார முடியுமா? அவருக்கு ஏற்ற வழி மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இதை நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. ஒயரிங் வேலையில் 5 ஆண்டுக்குக் குறையாத அனுபவம் வேண்டும். குழாய் வேலை அனுபவம் இதில் சேராது. ஆகவே இன்றே ஒரு மின் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்து வேலை பழகத் தொடங்கினால்தான் அந்தத் தகுதி வரும். மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் உண்டு. அது தொழிலுக்கு மதிப்புத் தரும். மின் உரிமத்துக்கு ஈடாகாது.

இதில் நம் சங்கம் செய்யக்கூடியது மூன்று. முதலாவது, நம் அங்கத்தினர்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் பிளம்பர்களின் பெயரை எழுதி, அவர்களை மின் ஒப்பந்தக்காரர்களுடன் இணைத்துவிடலாம். இரண்டாவது, தேர்வுக்குப் போகிறவரின் கட்டணத்தைச் சங்கமே கட்டலாம். மூன்றாவது, ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அங்கத்தினர்கள், கீசரும் மோட்டாரும் விற்கும்போது ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்பவரிடம், "குழாய்க்கு இவர், கரண்டுக்கு இவர்" என்று தகுதியுள்ள இருவரையும் காட்டிவிடலாம். அதில் ஒருவருக்கும் பைசா செலவில்லை.

இதற்குப் பிறகும் "கூலி கூடுதலாகிறதே" என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். எடை குறைந்த சரக்கை மலிவு என்று நாம் வாங்குவோமா? வேலையிலும் எடை பார்ப்போம். கடையில் நிற்பது நம் பிள்ளைகள். கீசரைத் தொடுவது நம் வீட்டுப் பெண்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.