சொந்த வீடு சரி, வாடகை வீடு எங்கே?

மும்பை வொர்லியில் பி.டி.டி. சால்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் முதற்கட்டமாக 556 குடும்பங்களுக்குப் புது வீட்டுச் சாவி வழங்கப்பட்டது. 160 சதுர அடி அறையில் தலைமுறை தலைமுறையாக நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு 500 சதுர அடி வீடு, இலவசமாக, சொந்தமாகவே கிடைத்திருக்கிறது. அதை யாரும் குறை கூற மாட்டார்கள். ஆனால், தொழிலாளிக்கு வாடகை வீடு கட்டித் தருவது சர்க்காரின் கடமை என்ற எண்ணமும் இத்துடன் கைகழுவப்படுகிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு மூச்சில்லை.

பி.டி.டி. என்பது கவர்னர் ஜார்ஜ் லாயிட் காலத்தில், 1920-ல் தோன்றிய பம்பாய் வளர்ச்சி இலாகா. பஞ்சு பேல் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வரி போட்டு, 50,000 குடியிருப்புகள் கட்டுவதாகத் திட்டம். கட்டியதோ 207 கட்டடங்கள். வொர்லியில் 121, நாய்காவில் 42, டிலைல் ரோட்டில் 32, சிவ்ரியில் 12. கட்டடத்துக்கு 80 அறை, தளத்துக்குத் தளம் பொதுக் கழிப்பிடம். வொர்லி அன்று ஊருக்கு ஒதுக்குப்புறம். வாடகையும் மில் தொழிலாளியின் கைக்கு மீறியது. எனவே பல அறைகள் காலியாகக் கிடந்தன. சத்தியாக்கிரகிகளை அடைக்கும் சிறையாகவும் சில கட்டடங்கள் பயன்பட்டன என்றால், வீட்டின் இலட்சணம் விளங்கும்!

பிற்பாடு அங்கே இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பாயிற்று. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் மூடப்பட்டன. ஆலை நிலங்களில் அலுவலகக் கோபுரங்களும் வணிக வளாகங்களும் எழுந்தன. நிலத்தின் விலை வானத்தைத் தொட்டது. இன்று அதே நிலத்தில் ஒரு பகுதியைச் சந்தை விலைக்கு விற்றுத்தான் இலவச வீடுகளுக்குப் பணம் தேடப்படுகிறது.

இருப்பவர்களுக்கு வழி பிறந்தது. அந்தக் கோபுரங்களைக் காவல் காக்கவும் பெருக்கித் துடைக்கவும் நாளை வந்து சேருகிறவர்கள் எங்கே தங்குவார்கள்?

இது தமிழர்கள் பெருமளவில் வாழும் தாராவிக்கும் பொருந்தும் கேள்வி. அங்கே 2000 ஜனவரி 1-க்கு முந்தைய தரைத்தளக் குடியிருப்புக்கு 350 சதுர அடி இலவச வீடு. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கோ தாராவிக்கு வெளியே வாடகை வீடு என்கிறது திட்டம். வேலைக்குத் தொலைவான வீடு காலியாகக் கிடக்கும் என்பதை வொர்லி நூறாண்டுக்கு முன்பே காட்டிவிட்டது.

விற்பனைக்கென எழும் கோபுரங்களில் ஒரு பங்கையாவது, கூலிக்கேற்ற வாடகையில் அரசே வைத்துக்கொள்ள வேண்டும். சிவ்ரியின் 12 கட்டடங்கள் துறைமுக நிலத்தில் நிற்பதால் மற்ற மூன்று இடங்களோடு சேரவில்லை. இந்த ஏற்பாட்டை அங்கிருந்தே தொடங்கலாமே.