பாட்டைக் காத்தவருக்கு மேடை இல்லையா?

தியாகராஜர் பெயரைக் கேள்விப்படாதவர் தமிழ்நாட்டில் குறைவு. ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் காவிரிக் கரையில் பெரிய பெரிய வித்வான்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்புகிறது. பிரமுகர்கள் வருகிறார்கள், மாலை போடுகிறார்கள், போகிறார்கள். நல்லது, அந்த மரியாதை அவருக்குத் தகும். நாம் கேட்பது வேறு. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் என்ற பெயரை, ஆரணியில் தறிக்குழியில் கால் வைக்கும் தோழர்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

இத்தனைக்கும் அவர் நம் பக்கத்து ஊர்க்காரர். ஆரணியிலிருந்து ஆர்க்காடு போய்ப் பாலாற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டை, அடுத்தது வாலாஜா. 1781ல் தஞ்சைச் சீமையில் அய்யம்பேட்டையில் பிறந்தார். பட்டு நெசவைத் தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிர சமூகத்தவர். திருவையாற்றில் தியாகராஜரிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டார். பிறகு வாலாஜாபேட்டையில் குடியேறி, 1874ல் கண்மூடும் வரை பாடியும் பாடம் சொல்லியும் வாழ்ந்தார். மைசூர் சமஸ்தானத்தில் பெயர் பெற்ற சதாசிவ ராவ் இவருடைய மாணாக்கர்தான்.

இவர் செய்த பெரிய காரியம் என்ன? எழுதி வைத்தார். தியாகராஜர் பாடினார், பாடியதை ஏட்டில் ஏற்றி வரிசைப்படுத்தும் வேலை சீடர்கள் தலையில் விழுந்தது. உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று சீடர் வழிகள் அந்தப் பாட்டுகளைக் கட்டிக் காத்தன. இவற்றில் ஓலையும் காகிதமுமாகப் பெருந்தொகுப்பு சேர்த்தது வாலாஜாபேட்டை வழி. குருவின் வரலாற்றை முதலில் எழுதியவர்களில் ஒருவரான கிருஷ்ணசாமி பாகவதர் யார்? வேங்கடரமண பாகவதரின் மகன். அந்தச் சுவடிகள் பிற்காலத்தில் மதுரை சௌராஷ்டிர சபைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் அவற்றைத் தேடிப் போகிறார்கள்.

இந்த வேலையின் அருமையை நம் நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு அட்டை கைவசம் இருந்தால் பத்து வருஷம் கழித்தும் அதே பேட்டு, அதே கொடி, அதே அன்னம் சேலையில் விழும். அட்டை தொலைந்தால்? பழைய சேலை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு இழை இழையாக எண்ண வேண்டியதுதான். பாட்டுக்குச் சுர தாளக் குறிப்பு எழுதுகிறவன் அட்டை குத்துகிறவனைப் போன்றவன். அவன் குத்தி வைத்தான். இன்றைக்கு மேடையில் நெய்கிறார்கள். பொன்னாடை நெய்கிறவருக்கு மட்டும் போகிறது.

சரி, எழுதினார் என்பதோடு முடிந்துவிட்டதா? இல்லை. அவரே பாடலாசிரியர். தெலுங்கிலும் வடமொழியிலும் பாடினார். வீட்டு மொழியாகிய சௌராஷ்டிரத்திலும் பாடினார். நெசவாளர் வீட்டில் பேசும் மொழியைக் கீர்த்தனைக்குரிய மொழியாக உயர்த்திய தைரியம் சாதாரணமா? ஆனால் அந்தப் பாட்டுகளைக் கச்சேரி மேடையில் அபூர்வமாகவே கேட்கிறோம். குறுந்தகட்டுக் கடையிலும் கைப்பேசியிலும் தேடித் தேடி அலுக்க வேண்டியிருக்கிறது.

காரணம் என்ன? ராகம் சரியில்லையா, தாளம் சரியில்லையா? அப்படிச் சொல்பவர் முதலில் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். மும்மூர்த்திகள் மூவர் என்று சொல்லிச் சொல்லி, மற்றவர்களை உப்புக்குச் சப்பாணி ஆக்கிவிட்டார்கள். சபாக்காரருக்கு டிக்கெட் விற்க வேண்டும். டிக்கெட் வாங்குகிறவர் ஏற்கெனவே அறிந்த பாட்டையே கேட்க ஆசைப்படுகிறார். வித்வானும் வீண் வம்பு எதற்கென்று அதையே பாடுகிறார். சரக்கு விற்கும் சந்தையின் விதிதான் சங்கீதத்திலும் நடக்கிறது.

கிராமபோன் கம்பெனி வந்து இதைச் சரிசெய்யவில்லை, கெட்டிப்படுத்தியது. வேங்கடரமண பாகவதர் மறைந்து மூன்று ஆண்டு கழித்து, 1877ல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். 1902ல் இங்கிலாந்துக் கம்பெனி கல்கத்தாவுக்கு வந்து பதிவைத் தொடங்கியது. பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடும் தட்டு. அந்த மூன்று நிமிஷத்தில் எது விற்குமோ அதுதான் ஏறும். கௌரவம் பார்த்து வித்வான்கள் பலர் தயங்கி நின்றபோது, தேவதாசி குலத்துப் பெண்கள் துணிந்து வந்து பாடினார்கள். அவர்களுடைய தட்டுகள் இல்லாவிட்டால் அந்தக் காலத்துச் சங்கீதம் எப்படி இருந்தது என்று நாம் அறிந்துகொள்ள வழியே இராது. வீணை தனம்மாள் முதுமையில் தந்த சில பக்கங்களைக் கேட்டவர்களுக்கு இது புரியும். அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கால் ஆனது. சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசிகள் மரக்கிளையிலிருந்து சுரண்டிச் சேர்த்த அரக்கு. அவர்களுடைய பெயர் எந்த உறையிலும் அச்சாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

இப்போது அந்தத் தட்டுகள் எங்கே? கொஞ்சம் நூலகங்களில் உள்ளன; மிச்சம் தனியார் அலமாரிகளில். சேகரிப்பாளர்களில் நல்லவர்கள் உண்டு. தேடி அலைந்து சேர்த்து, கேட்டவருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். வேறு சிலரோ கண்ணில் காட்டவும் மறுக்கிறார்கள். ‘என்னிடம் மட்டுமே உள்ளது’ என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. பஞ்சகாலத்தில் நெல்லைப் பதுக்கியவனும் இதைத்தானே சொன்னான்? சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் மீதான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுக்குத்தான். 1930களிலும் 40களிலும் வெளிவந்த தட்டின் ஒலி இன்று எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அது பொதுச் சொத்து. தட்டு உங்களுடையதாக இருக்கட்டும், ஐயா. ஒலியைத் திறந்து விடுங்கள்.

‘ராமனைப் பாடிய பாட்டு நமக்கு எதற்கு? கூலி உயர்வைப் பேசுங்கள்’ என்று நம் தோழர்களிலேயே சிலர் முணுமுணுப்பார்கள். கூலியையும் பேசுவோம், பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் 1920ல் இளைஞர் கழகத்தின் மாநாட்டில் லெனின் என்ன சொன்னார்? மனித குலம் இதுவரை சேர்த்து வைத்த அறிவுச் செல்வம் முழுவதையும் கற்றுத் தேர்ந்துதான் பாட்டாளி வர்க்கம் தன் பண்பாட்டைக் கட்ட முடியும், அது வானத்திலிருந்து குதிப்பதில்லை என்ற கருத்தை அங்கே வலியுறுத்தினார். பக்தி அந்தக் காலத்தின் மொழி. அந்த மொழிக்குள்ளே ஒரு நெசவாளர் சமூகத்தின் உழைப்பும் அறிவும் கிடக்கின்றன. அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு எந்தச் செல்வத்தைத் தேடப் போகிறோம்? ஹங்கேரியில் பேலா பார்த்தோக், கோதாய் என்ற இரு சங்கீத மேதைகள் 1906 முதல் மெழுகு உருளைக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர் பாட்டைப் பதிந்தார்கள். அந்தப் பாட்டை அவர்கள் ஏளனம் செய்யவில்லை. அதிலிருந்தே தங்கள் சங்கீதத்தை வளர்த்தார்கள்.

வயலில் உழைக்கும் தோழர்களுக்கு இதே கதையின் இன்னொரு பக்கம் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரம். பெரியபுராணத்தில் நந்தனை அடக்கும் பண்ணையார் கிடையாது. ஒரே இரவில் நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று ஆணையிடும் வேதியரைப் படைத்தவர் பாரதியார்தான். தஞ்சைப் பண்ணையடிமையின் வாழ்க்கையைக் கண்ணால் பார்த்தவரின் பேனா அது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழை கண்டு சிறப்புப் பாயிரம் தர முதலில் தயங்கினார் என்று உ. வே. சாமிநாதய்யர் எழுதியிருக்கிறார். ஜனங்கள் இலக்கணம் பார்க்கவில்லை, பாடினார்கள். 1935ல் இந்தக் கதை படமாக வந்தது. நந்தனாராக நடித்துப் பாடியவர் கே. பி. சுந்தராம்பாள். அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாயைப் பற்றி ஊரே பேசியது. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. லட்சம் கொடுத்து எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெட்டியைப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லை!

ஆகவே நாம் கேட்பது இது. இயல் இசை நாடக மன்றமும் அரசு இசைப் பல்கலைக்கழகமும் வாலாஜாபேட்டை வழிப் பாட்டுகளைச் சுரக்குறிப்போடு மலிவு விலையில் அச்சிட வேண்டும். நல்ல வித்வான்களைக் கொண்டு பாடிப் பதிந்து இலவசமாக வெளியிட வேண்டும். வானொலி நிலையக் காப்பகத்தில் உள்ள பழைய நாடாக்கள் மக்கள் பணத்தில் பதிவானவை. அவை மக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். திருவையாற்றுக்குக் கொடுக்கும் ஒலிபரப்பு நேரத்தில் ஒரு மணியை அய்யம்பேட்டைக்கும் வாலாஜாவுக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்க முடியாது. ஆரணியிலும் வாலாஜாவிலும் பஜனைக் கோயில்களில் மார்கழி விடியலில் பாடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் தார் சுற்றிக்கொண்டே பழைய பாட்டை முணுமுணுக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். இளம் தோழர்கள் கையில் உள்ள கைப்பேசியே போதும். தறி ஓடாத நேரமாகப் பார்த்து, ஒரு பாட்டை முழுதாகப் பாடச் சொல்லிப் பதியுங்கள். யாரிடம் கற்றார், எந்த வருஷம், எந்தத் தெரு என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். சௌராஷ்டிரப் பாட்டாக இருந்தால் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்; அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

பரணில் பழைய பிளேட்டு கிடந்தால் காயலான் கடைக்குப் போட வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அரக்குத் தட்டு விரிசல் விடும்; புத்தகம் போல நிறுத்தி வையுங்கள், வெயில் படாமல். தேய்ந்த இரும்பு ஊசியை அதன்மேல் ஓட்டாதீர்கள். ஒரு முறை ஓட்டினாலே கோடு அழியும். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் பாட்டின் பெயரும் எண்ணும் இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள்.