பாத்திக்கட்டைக்குக் கிரைண்டரா?

இங்கே நியூஸியில் பூச்செடிப் பாத்தியைச் சுத்தி மரக்கட்டைகளை வரிசையா நட்டு வைக்கறது வழக்கம். எங்க வீட்டுலே நாலஞ்சு கட்டை மட்டும் தலையைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. ரங்கமணி கிரைண்டரோட கிளம்பிட்டார். (மாவரைக்கறது இல்லைங்க, இரும்பு அறுக்கற ஆங்கிள் கிரைண்டர்!) பல் வச்ச தகடு மாட்டினா சட்டுன்னு முடிஞ்சுருமாம். கட்டையிலே பட்டதும் மெஷின் ஒரு துள்ளு துள்ளுச்சு பாருங்க, முழங்காலுக்கு ரெண்டு இஞ்ச் தள்ளி! எனக்கு உசுரே போயிருச்சு.

நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தற சமாச்சாரம். பல் மரத்துலே மாட்டிக்கிட்டா மனுஷக்கை தாங்குமா? சர்க்குலர் சாவும் சரிவராது. தரையை ஒட்டி நிக்கற குட்டைக் கட்டையிலே அதோட அடித்தட்டு எங்கே உட்காரும்? என் ஓட்டு சாதாரணக் கைரம்பத்துக்குத்தான். ஒட்டியிருக்கற மண்ணைத் தட்டிவிட்டு, பென்சில் கோடு போட்டு நிதானமா அறுத்தேன். கட்டைக்கு அஞ்சு நிமிஷம்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேனே. மண்ணுலே நடற கட்டைக்கு இங்கே பெரும்பாலும் ஆர்செனிக் கலந்த மருந்து ஏத்தியிருக்கும். முகமூடி போட்டுக்குங்க. அறுத்த இடத்துலே மரப்பாதுகாப்பு மருந்து பூசுங்க. துண்டுகளை மட்டும் அடுப்புலே போட்டு எரிச்சுடாதீங்க, புகை விஷம்.

கிரைண்டரை ஒளிச்சு வச்சிருக்கேன். எங்கேன்னு மட்டும் கேக்காதீங்க, ரங்கமணியும் இதைப் படிப்பார்!