கான்டீன் இல்லாத சபா

“நாளைக்கு சாயங்காலம் சபாவுக்குப் போகணும்மா” என்று சொன்னதுதான் தாமதம், அம்மா முகத்தில் மார்கழி பிறந்துவிட்டது.

“யாருடா பாட்டு?”

“பாட்டு இல்லம்மா. பேச்சு.”

“ஓ, உபன்யாசமா? கான்டீன் யாரு?”

இது அந்த சபா இல்லை, ‘பகுதி சபா’ என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கிராமத்துக்கு கிராம சபை இருப்பது மாதிரி நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று 2022-ல் தமிழ்நாட்டில் விதிமுறை கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கவுன்சிலரை எதிரே உட்கார வைத்து, ஜனங்கள் குறைகளைச் சொல்லலாம்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். “அப்போ யாரும் பாட மாட்டாங்க, எல்லாரும் புலம்புவாங்க?”

“ஆமாம்.”

“முகாரி கேட்டு ரொம்ப நாளாச்சு. நானும் வரேன்.”

எங்கள் பேட்டையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக ஊதியதே, அப்போது உள்ளே வந்து விழுந்தவர்கள் நாங்கள். நாங்கள் யாரும் இடம் மாறவில்லை. நகரம்தான் நகர்ந்து வந்து எங்கள் மேல் உட்கார்ந்தது.

இங்கே ஏற்கெனவே ஒரு சபா உண்டு. முனை டீக்கடை. அங்கே ஒரு டீ ஆறுவதற்குள் பேச்சு மழைநீர் வடிகாலில் புறப்பட்டு பின்னணி இசையில் போய் முடியும். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் சிம்பொனி அரங்கேற்றிய வாரம், கடையே பெருமிதத்தில் மிதந்தது. டீ மாஸ்டர் மட்டும் கடைவாசல் பள்ளத்தைப் பார்த்தபடி கேட்டார்: “லண்டன்ல ரோட்டைத் தோண்டினா மூடுவாங்களா சார்?”

எங்கள் ஊரில் கலையையும் பள்ளத்தையும் பிரித்துப் பேசவே முடியாது. அந்தப் பள்ளத்தை எந்தத் துறை தோண்டியது என்பது பள்ளத்துக்கே தெரியாது.

கூட்டத்துக்குப் போகும் வழியில் அம்மா ஒரு தகவல் சொன்னாள். “1927-ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ கூடவே சங்கீத மாநாடும் நடந்துதுடா. அதுலேர்ந்துதான் அடுத்த வருஷம் மியூசிக் அகாடமியே வந்தது. ஊர் விவகாரமும் சங்கீதமும் ஒண்ணாப் பொறந்ததுதான்.”

“சரிம்மா, பள்ளம் பார்த்து வா.”

சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக், ஒரு மின்விசிறி. மின்விசிறி கவுன்சிலர் அம்மாவை மட்டும் பார்த்துச் சுற்றியது. ‘பத்திரிகையில எழுதறவர்தானே’ என்று நோட்டை என் கையில் திணித்துவிட்டார்கள். பி.காம். படித்தபோது ‘மினிட்ஸ்’ எழுதுவது எப்படி என்று மனப்பாடம் செய்தது அன்றைக்குத்தான் முதல் முறையாக உபயோகப்பட்டது.

குப்பை, கொசு, தண்ணீர் லாரி, சாட்சாத் அந்தப் பள்ளம் எல்லாம் வரிசையாக வந்து போயின. ஐந்தாவதாக எழுந்தார் எங்கள் மூன்றாவது மாடி சார்.

“பூங்காவுல சாயங்காலம் அந்தச் சத்தம் தாங்க முடியலை. ஆறு மணிக்குப் பூட்டிடணும்.”

அந்தச் சத்தம் என்றால் பறை. அந்தச் சொல்லை மட்டும் கூட்டத்தில் ஒருத்தரும் வாயால் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். நோட்டில் நான் எழுதிவிட்டேன்.

எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிரே சின்னப் பூங்கா. மூலையில் சிமென்ட் மேடை. அயர்ன் வண்டி அண்ணனின் பெண் காலேஜ் முடிந்து வந்ததும் ஆறேழு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அங்கே பழகுவாள். ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய குச்சி. தோலுக்கு விறைப்பு வர, காய்ந்த சருகைக் கொளுத்தி சூடு காட்டுவார்கள். இரண்டு மாதமாகப் பூங்கா விளக்கு எரியாததால், இருட்டுவதற்குள் அவசரமாக முடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மூன்றாவது மாடி சார் ஆதாரத்தோடு வந்திருந்தார். “குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. 2000-ம் வருஷ விதி. செல்போன்ல அளந்தேன். 74 காட்டுது!”

விதி வாஸ்தவம்தான். ஆனால் அவர் அளந்தபோது அவர் வீட்டு மிக்ஸியில் இட்லி மாவு ஓடிக்கொண்டிருந்ததை இரண்டாவது மாடியில் இருக்கும் நான் அறிவேன்.

இருந்தாலும் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. சீக்கிரம் தூங்க வேண்டியவர்.

அந்தப் பெண் எழுந்தாள். “எங்க வீடு பத்துக்குப் பத்து சார். உள்ளே அடிச்சா தாத்தா எழுந்து ஆடுவாரு. வேற எங்கே போய் அடிக்கிறது? நீங்களே ஒரு எடம் சொல்லுங்க, போயிடறோம்.”

யாரும் ஓர் இடமும் சொல்லவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2007-ல் ‘சென்னை சங்கமம்’ வந்தபோது பூங்காவுக்குப் பூங்கா கரகமும் பறையும் பார்த்துக் கைதட்டினோம். 2025-ல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ என்றதும் குடும்ப குரூப்பில் பூங்கொத்து பூங்கொத்தாக அனுப்பினோம். மேடையேறிவிட்டால் கலை. மேடையேறுவதற்காகப் பழகினால் சத்தம்! வளர்கிற ஊரில் அரங்கேற்றத்துக்கு ஏசி ஹால் இருக்கிறது. தப்புத் தப்பாக அடித்துப் பழக ஒரு மூலை இல்லை.

இதை எழுந்து சொல்லியிருக்கலாம். நான் மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன். (கோழைகளுக்கு நோட்டு நல்ல துணை.)

அம்மா எழுந்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“தினம் பால்கனியில உக்காந்து கேக்கறேன். அந்தப் பொண்ணு லயத்துல கெட்டி. கடைசியில நிக்கற பையன் மட்டும் ஓடறான். ஏன் ஓடறான்? இருட்டிடுமோன்னு. அவனைத் திருத்தணும்னா பூங்காவைப் பூட்ட வேண்டாம், விளக்கைப் போடுங்க.”

சிரிப்பு. அம்மா உட்காரவில்லை.

“கல்யாணமாகி வந்த புதுசுல நான் பாட்டு கத்துண்டிருந்தேன். வர்ணம் வரைக்கும் வந்தேன். ‘என்ன சத்தம்’னாங்க வீட்ல. நிறுத்திட்டேன். நாப்பத்தஞ்சு வருஷமா கேக்கறவளாவே இருந்துட்டேன்.” மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். “அவ்ளோதான்.”

அம்மா பாட்டுக் கற்றுக்கொண்டாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நோட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு மூன்றாவது மாடி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஏழு மணிக்கு நிறுத்திடணும். மேடையோட அந்தப் பக்கம் திரும்பி அடிக்கணும்” என்றார். அந்தப் பெண் “சரிங்க சார்” என்றாள். கவுன்சிலர் அம்மா விளக்குக்குத் தலையாட்டினார். தீர்மானம் எண் 5 நிறைவேறியது. தீர்மானம் எண் 4, அதாவது பள்ளம், ‘பரிசீலனையில்’.

மூன்று வாரத்தில் விளக்கு வந்துவிட்டது. நல்ல வெளிச்சம். பகலிலும் எரிகிறது. அணைப்பது எப்படி என்பதற்குத் தனியாக ஒரு சபா கூட்ட வேண்டும் போலிருக்கிறது.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறு கையில் எவர்சில்வர் தூக்கு.

“பூங்காவுக்கா? தூக்குல என்னம்மா?”

“சுண்டல்” என்றாள். “சபான்னு இருந்தா கான்டீன் வேண்டாமாடா?”